மினி டிராக்டருக்கு நாமளே பட்டறையில கட்டிக்கற சாமான்: எடை போடறதுல இருந்து ஓட்டிப் பாக்கற வரைக்கும்

பொள்ளாச்சி உடுமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள்ள, கோபி சத்தியில வாழைக்குள்ள, ஈரோட்டுச் சுத்துல மஞ்சக்காட்டுக்குள்ள இப்ப எங்க பாத்தாலும் 15 எச்பில இருந்து 28 எச்பி வரைக்கும் இருக்கற மினி டிராக்டர்தானுங்க ஓடுது. வண்டியில குத்தம் சொல்ல ஒண்ணுமில்லீங்க, ஆனா அதுக்குப் பின்னாடி மாட்ட என்ன இருக்குதுன்னு கடையில கேட்டா ரோட்டாவேட்டர், 5 கொத்துக் கலப்பை, ஒரு டிப்பர், அதோட முடிஞ்சுது. மட்டை அள்ளிட்டு வர ஒரு பலகை, களத்துல மண்ணு தள்ள ஒரு பிளேடு, மருந்தடிக்க ஒரு டேங்கு, இதெல்லாம் பாதிக்குப் பாதி பெரிய வண்டி அளவுலதான் இருக்கும், சின்னது கெடைச்சாலும் வெலையைக் கேட்டுட்டு வந்த வழியே திரும்பணும்.

நம்ம ஊருல பட்டறைக்குப் பஞ்சமில்லீங்க. கோயமுத்தூர்ல லேத்து, திருச்செங்கோட்டுல ரிக் வண்டி கட்டறவங்க, நாமக்கல்ல லாரி பாடி கட்டறவங்கன்னு இரும்பு வேலை தெரிஞ்ச கை நெறைய இருக்குது. அதனால கட்டறது கஷ்டமே இல்ல. எங்க கோட்டை விடறாங்கன்னா எடையில. வெல்டிங் உட்டுப்போச்சுன்னா திரும்பப் பத்த வெச்சுக்கலாம், பின்னாடி எடை எச்சாப் போயி முன்சக்கரம் தூக்கிச்சுன்னா ஸ்டியரிங் கையில சும்மா சுத்தும், வண்டி போற போக்குல போகும். அதனால இந்த வழிகாட்டியில மொதல்ல எடை, அப்புறந்தான் இரும்பு.

இன்னொண்ணு இப்பவே சொல்லிப்போடறேன். டிராக்டர்ல வெட்டக்கூடாது, ஓட்டை போடக்கூடாது, வெல்டிங் வெக்கக்கூடாது. கட்டற சாமான் எல்லாமே பின்னு, போல்ட்டு, யூ போல்ட்டுலதான் உக்காரணும், கழட்டினா வண்டி ஷோரூம்ல இருந்து வந்த மாதிரியே நிக்கணும். வாரண்டிக்காக மட்டும் சொல்லல, மோட்டார் வாகனச் சட்டம் 1988ல 52வது பிரிவே ஆர்சி புக்குல இருக்கற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னுதான் சொல்லுது. பின்னுல மாட்டிக் கழட்டற கலப்பை மாதிரி சாமானுக்கு அந்தத் தொந்தரவு இல்ல.

மொத வேலை: எடை மேடைக்குப் போங்க

பக்கத்துல மண்டி, ரைஸ்மில்லு, நூல்மில்லு இருக்கற எடத்துல எல்லாம் எடை மேடை இருக்கும். வண்டியை ஓட்டிட்டுப் போயி முன்சக்கரம் ரெண்டை மட்டும் மேடையில ஏத்தி ஒரு சீட்டு வாங்குங்க, அப்புறம் முழு வண்டியும் ஏத்தி இன்னொரு சீட்டு. லாரி மேடை 10 கிலோ முன்னபின்ன காட்டும், பரவால்ல. நாம ஓட்டறப்ப எப்படி உக்காருவமோ அப்படியே சீட்டுல உக்காந்துக்கிட்டு எடை போடுங்க. வீட்டுக்கு வந்து முன்சக்கரத்து நடு மையத்துல இருந்து பின்சக்கரத்து நடு மையம் வரைக்கும் டேப்பு வெச்சு அளந்து அதையும் அந்தச் சீட்டுலயே எழுதிக்குங்க.

இப்ப ஒரு கணக்கு. வண்டி 800 கிலோ, அதுல முன்சக்கரத்துல 320 கிலோ, ரெண்டு அச்சுக்கும் நடுவுல ஒன்றரை மீட்டர்னு வெச்சுக்கலாம், 15, 20 எச்பி வண்டிக எல்லாம் ஏறக்குறைய இந்த வாக்குலதான் இருக்கும். பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னாடி 200 கிலோ தொங்குதுன்னா முன்னாடி எவ்வளவு கொறையும்? தொங்கற எடையை அந்தத் தூரத்தால பெருக்கி ஒன்றரையால வகுத்தாப் போதும், 133 கிலோ. முன்னாடி மிச்சம் 187. எல்லாரும் கடைப்பிடிக்கற விதி என்னன்னா வெறும் வண்டி எடையில அஞ்சுல ஒரு பங்காவது முன்சக்கரத்துல எப்பவும் நிக்கணும், அதாவது 800க்கு 160. 187 இருக்குது, தப்பிச்சோம். அதே எடத்துல 300 கிலோ தொங்கவிட்டா 200 கொறைஞ்சு மிச்சம் 120தான், ஸ்டியரிங் பிடிக்காது. இது சமமான தரையில நிக்கறப்ப உள்ள கணக்கு. வாய்க்கா மேட்டுல ஏறினாலோ, பாத்தி வரப்புல குலுங்கினாலோ இன்னும் மோசம்.

பின்னாடி மாட்டின சாமானைத் தூக்கற லிஃப்ட் 750 கிலோ தூக்கும்னு கம்பெனிக்காரங்க போட்டிருக்கறதைப் பாத்து ஏமாந்துறாதீங்க. அது கீழ் லிங்க், அதாவது சாமானை மாட்டற கீழ்க் கை ரெண்டு, அதோட நுனி உருண்டைக்கு நேரா தூக்கற கணக்கு, பின்னாடி தள்ளித் தள்ளி வெச்சா அந்தளவு தூக்காது. தூக்கினாலும் முன்சக்கரம் தரையில இருக்கோணுமில்லீங்களா.

அளவு: உங்க கலப்பையே உங்களுக்கு அச்சு

கீழ ரெண்டு கை, மேல டாப் லிங்க்னு ஒரு கை, இந்த மூணுலதான் சாமான் மாட்டும்; மினி டிராக்டர்ல பெரும்பாலும் வர்றது கேட்டகரி ஒண்ணுங்கற அளவு. கீழ் பின் 22 மிமீ, மேல டாப் லிங்க் பின் 19 மிமீ, கீழ் ரெண்டு பின்னுக்கும் நடுவுல 68 சென்டிமீட்டர் சுமார், கீழ் பின்னுல இருந்து மேல் பின் வரைக்கும் 46 சென்டிமீட்டர். ரொம்பச் சின்ன வண்டிக சிலதுல இந்த 68க்குப் பதிலா 40ன்னு நெருக்கமா வரும். இதையெல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டியதில்லீங்க, வண்டியோட வாங்கின 5 கொத்துக் கலப்பை கெடக்குதில்ல, அதைத் தரையில சாச்சு வெச்சு வெர்னியரும் டேப்பும் எடுத்து அந்த நாலு அளவையும் குறிச்சுக்குங்க. புதுசாக் கட்டற எல்லாத்துக்கும் அதுதான் அச்சு. சந்தேகம் இருந்தா கொடிசியாவுல வருசா வருசம் நடக்கற அக்ரி இன்டெக்ஸ்க்கு டேப்போட போங்க, கம்பெனி சாமான்ல பின்னு எங்க உக்காருது, முட்டுப் பட்டை எப்படிப் போகுதுன்னு நேராப் பாத்துட்டு வரலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க.

பின்னு மட்டும் ரெடிமேடா வாங்குங்க. கலப்பை ஸ்பேர் விக்கற கடையில லோயர் லிங்க் பின்னு நட்டோட கெடைக்கும், நல்லா கெட்டிப்படுத்தின இரும்பு. கட்டடக் கம்பியை வெட்டிப் போடறதும், மரை இருக்கற போல்ட்டைப் பின்னாக்கறதும் ஆகாத வேலை, மரை இருக்கற எடத்துல நறுக்குன்னு உட்டுப்போகும்.

பட்டறையில கவனிக்க வேண்டியது

வெல்டிங் ராடு சாதா வேலைக்கு 6013, 3.15 மிமீ, 5 அல்லது 6 மிமீ கனமுள்ள ஆங்கிளுக்கு 100ல இருந்து 120 ஆம்பியர் வெச்சாப் பதமா ஓடும். பின்னு உக்கார்ற காது (ஓட்டை போட்ட பட்டைத் துண்டு), டாப் லிங்க் காது, இந்த ரெண்டு எடத்துக்கு மட்டும் 7018 ராடு கேளுங்க. அது ஈரம் பட்டிருந்தா வெல்டுக்குள்ள வெடிப்பு விடும், அதனால அடுப்புல காய வெச்சுத்தான் எடுக்கணும், பாக்கெட் பிரிச்சு மழையில கெடந்ததைப் போடச் சொல்லாதீங்க.

சாமானை வண்டியில மாட்டி வெச்சுட்டே வெல்டிங் பத்த வெக்கற பழக்கம் நம்ம பக்கம் நெம்ப இருக்குது. வேண்டாங்க. கரண்டு லிங்க் வழியா, பேரிங் வழியா, லிஃப்ட் சாஃப்ட் வழியாப் போயி உள்ள பொட்டுப் பொட்டாச் சுட்டு வெச்சுரும், ஆல்டர்நேட்டர் டையோடு போனாலும் போச்சு. கழட்டி தரையில போட்டுத்தான் வெல்டிங். வேற வழியே இல்லீன்னா பேட்டரி எர்த் வயரைக் கழட்டிட்டு, வெல்டிங் எர்த் கிளாம்பை வெல்டு வெக்கற எடத்துக்கு ஒரு சாண் தூரத்துலயே அதே இரும்புல மாட்டணும்.

மொத சாமான்: பின் கேரியர்

எதையாவது ஒண்ணுதான் கட்டுவேன்னு சொன்னா இதைக் கட்டுங்க. மட்டை, வாழைத்தார், உர மூட்டை, சொட்டுநீர் பைப்பு, சாணி, மோட்டரு, எல்லாம் இதுலதான் போகும். தோப்புக்குள்ள டிப்பர் திரும்பாத எடத்துல இது திரும்பும்.

ரெண்டு பாகம்னு வெச்சுக்குங்க. வண்டிப்பக்கம் நட்டமா நிக்கற சட்டம் ஒண்ணு, அதுல இருந்து பின்னாடி நீட்டற பலகை ஒண்ணு. சட்டத்துக்கு 75 மிமீ சேனல் 90 சென்டிமீட்டர்ல ரெண்டு துண்டு, அது குறுக்க கீழயும் கொஞ்சம் மேலயும். நட்டமா 50க்கு 10 பட்டை ரெண்டு, டாப் லிங்க் வரைக்கும். பலகைக்கு 40க்கு 5 ஆங்கிள், 120 சென்டிமீட்டர் அகலம், 75 சென்டிமீட்டர் நீளம், நடுவுல மூணு குறுக்குச் சட்டம். மொத்தம் கூட்டினா 45 கிலோ சுமாருக்கு வரும். தரைக்கு 12 மிமீ பிளைவுட்டோ தென்னம்பலகையோ போல்ட்டுல மாட்டிக்கங்க, பிளேட்டு போட்டா எடை சும்மா ஏறும், மழைத்தண்ணியும் நிக்கும்.

வேலை வரிசை இப்படிங்க. மொதல்ல கீழ் சேனல்ல பின்னுக்கான காது ரெண்டையும் பொட்டு வெச்சுக்கணும், கலப்பையை அச்சா பக்கத்துல படுக்க வெச்சு ரெண்டு பின்னும் ஒரே நேர்கோட்டுல இருக்குதான்னு நேர்க்கம்பி ஒண்ணை ஓட்டைக்குள்ள விட்டுப் பாருங்க. நேரா இல்லீன்னா லிங்க் மாட்டறப்ப ஒரு பக்கம் போகும் ஒரு பக்கம் போகாது, கடப்பாரை போட்டு நெம்பிட்டே இருக்கணும் காலம் பூரா. அடுத்து நட்டப் பட்டை, அப்புறம் மேல் காது. அப்புறம் பலகைச் சட்டத்தைத் தனியா தரையில சேத்தி மூலைக்கு மூலை டேப்பு பிடிச்சுப் பாருங்க, ரெண்டு மூலை அளவும் ஒண்ணா வந்தாத்தான் சதுரம். அதுக்கப்புறம் ரெண்டையும் சேத்து பொட்டு, அப்புறம் முழு வெல்டு. ஒரே பக்கமா வெல்டு ஓட்டினா சூட்டுல சட்டம் வளைஞ்சு ஒரு பக்கம் இழுத்துக்கும், அதனால இக்கட்ட ஒரு ரெண்டு அங்குலம், அக்கட்ட ஒரு ரெண்டு அங்குலம்னு மாத்தி மாத்திப் போகணும்.

இதுல பட்டறைத் தம்பிக கட்டாயம் ஒரு கேள்வி கேப்பாங்க. "ஏனுங்ண்ணா, கீழ ஆங்கிள் கெட்டியாத்தானுங்களே இருக்குது, மேல இருந்து இந்தச் சாய்வுப் பட்டை எதுக்குங்க, சாமான் ஏத்தறக்கு எடைஞ்சலா இருக்கும்ங்க." விட்டுக்குடுத்துறாதீங்க. "தம்பி, பலகைக் கடைசியில மூட்டை உக்காந்தா அடி மூட்டுதான் மொத்தத்தையும் தாங்கணும், குழியில எறங்கி ஏறினா அந்த எடம் மடங்கிப்போகும். மேல் காதுல இருந்து பின் மூலைக்குப் பட்டை போச்சுன்னா அது கயிறு மாதிரி இழுத்துப் பிடிச்சுக்கும்"னு சொல்லிப் போடச் சொல்லுங்க. ரெண்டு பக்க ஓரத்துலயும் ஒவ்வொரு பட்டை போனா நடுவுல சாமான் ஏத்த எடைஞ்சலே இருக்காது. அடி மூட்டுல 6 மிமீ பிளேட்டுல முக்கோணம் வெட்டி ரெண்டு பக்கமும் வெச்சுருங்க.

எவ்வளவு ஏத்தலாம்? மேல போட்ட கணக்குப்படி 240 கிலோ தொங்கினா முன்சக்கரம் 160ல வந்து நின்னுரும். அதுல கேரியரே 45. கரடுமுரடான காட்டுக்கு 150 கிலோவோட நிறுத்திக்கிறது நல்லது, அதாவது 50 கிலோ மூட்டை மூணு. அந்த எண்ணை பலகைப் பின்னாடியே பெயிண்ட்ல எழுதி வெச்சுருங்க, வேலைக்கு வர்ற ஆளுக நம்மளைக் கேட்டுட்டா ஏத்தறாங்க.

பலகைக்கு அடியில நாலு கால் வெச்சா, கழட்டறப்ப நின்ன நெலையிலயே நிக்கும், ஒரே ஆள் ரிவர்ஸ் எடுத்து மாட்டிக்கலாம். கால் இல்லாத கேரியரைத் தரையில போட்டா மறுக்கா மாட்ட ரெண்டு ஆள் வேணும்.

முன்னாடி எடை

கம்பெனி எடைக்கட்டி கெடைச்சா அதையே வாங்கி மாட்டுங்க, அதுக்குன்னு முன்னாடி பிராக்கெட் இருக்கும். வெலை கட்டுப்படியாகலீன்னா பழைய இரும்புக்கடையில 25 மிமீ பிளேட்டுத் துண்டு பொறுக்குங்க, ஒரு அடிக்கு ஒரு அடி இருந்தா ஏறக்குறைய 18 கிலோ வரும், மூணு துண்டைச் சேத்து நடுவுல ரெண்டு போல்ட்டு ஓட்டினா 54 கிலோ. இன்னும் சல்லிசா வேணும்னா 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டுல காங்கிரீட்டு போட்டு நடுவுல போல்ட்டைப் பொதைச்சா 48 கிலோ வரும், ஆனா பாக்கறக்கு அசிங்கமா இருக்கும், எடத்தையும் எச்சா அடைக்கும், எனக்கு அது புடிக்கறதில்ல.

எடை எவ்வளவு முன்னாடி உக்காருதோ அவ்வளவு லாபம். 60 கிலோவை முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னாடி மாட்டினா முன்சக்கரத்துல 80 கிலோ ஏறும். மாட்டறது சேசிஸோட சேர்ந்த பிராக்கெட்டுலதான், பேனட்டு கிரில்லுல கட்டித் தொங்கவிடறதெல்லாம் ரேடியேட்டருக்குத்தான் கேடு. முன் அச்சு எவ்வளவு தாங்கும்னு வண்டி புஸ்தகத்துல இருக்கும், பாத்துக்குங்க.

பின் டயருக்குள்ள தண்ணி நெப்பறது வேற கணக்குங்க. முக்கால்வாசி நெப்பினா சேத்துல சறுக்காது, இழுவை நல்லா இருக்கும், ஆனா அந்த எடை பின் அச்சு மேலயே உக்காருது, முன்சக்கரத்துக்கு ஒரு கிலோ கூட தராது.

மண்ணு தள்ளற பிளேடு

காங்கேயம், தாராபுரம் பக்கம் ஓடக்கல்லுக் காட்டுல தடம் மழைக்கு அரிச்சுப்போனா, தொண்டுபட்டியில சாணிமண்ணு மேடாப் போனா, களம் சமன் பண்ணோணும்னா, இந்தப் பிளேடு ஒண்ணு இருந்தாப் போதும், ஜேசிபிக்குப் போன் போட வேண்டியதில்ல.

அகலம் வண்டியோட பின்டயர் வெளிக்கு வெளி அகலத்தை விட கொஞ்சம் எச்சா இருக்கணும், இல்லீன்னா நாம சமன் பண்ணின எடத்துலயே டயர் தடம் விழும். மினி வண்டிக்கு நாலடி சரியா வரும். முதுகுக்கு 6 மிமீ பிளேட்டைக் கொஞ்சம் வளைச்சு வாங்குங்க, அப்பத்தான் மண்ணு உருண்டு போகும், தட்டையா இருந்தா மேல ஏறி வழியும்.

வெட்டற வாய்க்கு எல்லாருமே லாரிப் பட்டையைத்தான் போடறாங்க, ஸ்பிரிங் பட்டை, சரியான தேர்வுதான். ஆனா அதைச் சாதா ராடு போட்டு பிளேட்டோட நேரா வெல்டு வெக்கறாங்க பாருங்க, அங்கதான் தப்பு. ஸ்பிரிங் இரும்புல கார்பன் எச்சு. வெல்டு சூடு பட்டு வேகமா ஆறின எடம் கண்ணாடி கணக்கா மொறமொறன்னு ஆயிரும். வெல்டு நல்லாத்தான் இருக்கும், வெல்டுக்கு ஒட்டின ஓரத்துல முடி மாதிரி ஒரு கீறல் ஓடும், மொதக் கல்லுல தட்டினதும் பட்டை தனியா வந்துரும். அதனால பட்டையை போல்ட்டுல மாட்டுங்க. ஓட்டை போடறதுதான் கஷ்டம், சாதா டிரில் பிட்டு அதுல வழுக்கிட்டே நிக்கும். ஓட்டை வர்ற எடத்தை கேஸ்ல சிவக்கக் காய்ச்சி, உடனே சாம்பலுக்குள்ள பொதைச்சு விடிய விடிய ஆற விடுங்க. தண்ணியில முக்கிறாதீங்க, முக்கினா பழையபடி கெட்டியாயிரும். சாம்பல்ல மெதுவா ஆறினா அந்த எடம் மட்டும் எளகியிருக்கும், டிரில்லு சுருள் சுருளா மண்ணு மாதிரி எறங்கும். 12 மிமீ போல்ட்டு, கெட்டி ரகம்னு காட்டற 8.8 தலையில போட்டிருக்கணும், ஏழெட்டு அங்குலத்துக்கு ஒண்ணு. தலை முன்பக்கம் பட்டைக்குள்ள அமுங்கியிருக்கற மாதிரி வெட்டிக்கிட்டா மண்ணு தடுக்காது. வாய் தேஞ்சா பட்டையைத் திருப்பி மாட்டிக்கலாம், அதுக்காகவே ஓட்டையை நடு மையத்துல போடுங்க.

பிளேடு நேரா மட்டும் நின்னா பாதி வேலைதான். நடுவுல பிளேடு திரும்பறதுக்கு 30 மிமீ கனத்துல ஒரு கிங் பின்னு, அதுக்கு ஒரு சாண் தள்ளி அரைவட்டமா ஒரு பிளேட்டு, அதுல நேரா ஒண்ணு, 15 டிகிரிக்கு ரெண்டு பக்கமும், 30 டிகிரிக்கு ரெண்டு பக்கமும்னு அஞ்சு ஓட்டை. அதுல போடற பூட்டு போல்ட்டு மட்டும் மெல்லிசா 10 மிமீ சாதா போல்ட்டா இருக்கட்டும். மண்ணுக்குள்ள பாறை தட்டினா அந்தப் போல்ட்டு உட்டு பிளேடு திரும்பிக்கும், லிங்க் தப்பிச்சுக்கும். அதைக் கெட்டி போல்ட்டாப் போட்டு "நம்ம சாமான் உடையவே உடையாது"ன்னு பெருமை பேசினா அடுத்து உடையறது லிஃப்ட் கை.

மருந்து டேங்கு

பொள்ளாச்சி தென்னையில 2016ல ரூகோஸ் வெள்ளை ஈ வந்ததுக்கப்புறம் இந்த டேங்குக்கு மவுசு கூடிப்போச்சு. ஓலையோட அடிப்பக்கத்துல தண்ணியை வேகமாப் பீச்சி அடிச்சாலே பாதி ஈ கழுவிட்டுப் போயிருதுங்க, குட்டை மரத்துக்கும் இளங்கன்னுக்கும் இது நல்லா ஒத்து வருது.

200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மு, மூணு பிஸ்டன் எச்டிபி பம்பு ஒண்ணு. தண்ணி 200 கிலோ, சட்டமும் பம்பும் ஒரு 55, மொத்தம் 255. அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னாடி வெச்சா முன்சக்கரத்துல 170 போயிரும், மிச்சம் 150, கணக்குல தேறாது. அதே சாமானை 80 சென்டிமீட்டருக்கு உள்ள தள்ளி டிராக்டரோட ஒட்டி வெச்சா 136தான் போகும், 184 மிச்சம் நிக்கும். அதனால டிரம்மை லிங்க்குகளுக்கு நடுவுல எவ்வளவு முன்னாடி கொண்டுபோக முடியுமோ கொண்டு போங்க, பம்பைப் பக்கவாட்டுல வைங்க. பாதி காலியான டிரம்முல தண்ணி அலையடிச்சு வண்டியை ஆட்டும், வரப்பு ஏறறப்ப மெதுவாப் போகணும்.

பிடிஓங்கறது இஞ்சின் சக்தியைப் பின்னாடி சாமானுக்குக் குடுக்கற சாஃப்ட்டு, 35 மிமீ, ஆறு பல்லு, நிமிசத்துக்கு 540 சுத்து. பம்பு மேல எத்தனை ஆர்பிஎம்னு தகட்டுல அடிச்சிருப்பாங்க. 900 வேணும்னா பிடிஓ பக்கம் 10 அங்குலப் புல்லி, பம்புப் பக்கம் 6 அங்குலம், 540ஐ 10ஆல பெருக்கி 6ஆல வகுத்தா 900 வருது பாருங்க. ஆனா அந்த 10 அங்குலப் புல்லியை பிடிஓ சாஃப்டுலயே நேரா மாட்டாதீங்க. பெல்ட்டு ஒரு பக்கமா இழுக்க இழுக்க கியர்பாக்ஸ் பேரிங்கும் ஆயில் சீலும் போயிரும், ஆயில் ஒழுகறப்பத்தான் தெரியும். சட்டத்துமேல யுசிபி 207 பேரிங் ரெண்டு வெச்சு, அது 35 மிமீ சாஃப்டுக்கே வர்றது, அதுல புல்லியைப் போட்டு, பிடிஓவுல இருந்து அதுக்கு ரெண்டு முனையும் மடங்கற ஒரு சின்ன கார்டன் சாஃப்ட்டு குடுங்க. இழுப்பு எல்லாம் நம்ம சட்டத்தோட நின்னுரும்.

மூடி போடாம ஓட்டவே கூடாதுங்க. 540 ஆர்பிஎம்னா ஒரு செகண்டுக்கு 9 சுத்து, வேட்டித் தலைப்போ தோள்ல போட்ட துண்டோ பட்டுச்சுன்னா கையை எடுக்கக்கூட நேரமிருக்காது. பெல்ட்டு, புல்லி, கார்டன் சாஃப்ட்டு மூணையும் வெல்டு மெஷ்ஷு வெச்சு சுத்தியும் மூடுங்க, மேல மட்டும் தகரம் போட்டுட்டு மூடிட்டேன்னு சொல்லாதீங்க. மருந்தடிக்கிறவங்க பெரும்பாலும் வேட்டி லுங்கியிலதான் நிப்பாங்க.

பம்புல இருந்து திரும்பி வர்ற ரிட்டர்ன் குழாயை டிரம்மு அடி வரைக்கும் விட்டுருங்க, அதுவே மருந்தைக் கலக்கிட்டு இருக்கும். அப்புறம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து நம்ம பக்கம் வைகாசி பொறந்தா ஆவணி வரைக்கும் விடாது, விடியக்காத்தால காத்து எந்திரிக்கறதுக்குள்ள அடிச்சு முடிக்கிற மாதிரி பாத்துக்குங்க.

சின்னச் சின்ன வேலைக

லைட்டு: 27 வாட் எல்இடி ரெண்டு போட்டா நாலரை ஆம்பியர். பேட்டரியில இருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ், ரிலே, 1.5 வயரு, தனி சுவிட்ச்சு. ஹெட்லைட் வயர்ல ஒட்டுப் போடாதீங்க. வயரை எலி கடிக்காத எடமாக் கொண்டு போய் சுருள் பைப்புக்குள்ள விடுங்க.

டூல் பாக்ஸ்: மட்கார்டு பக்கம், யூ போல்ட்டுல. பேட்டரி மேல ஸ்பானர் விழுகாத எடமாப் பாத்து வைங்க, அவ்வளவுதான்.

நிழலுக்குக் கூரை: வண்டி கவுந்தா ஆளைக் காக்கற ரோல் பார் இருக்கற வண்டியில அந்தப் பைப்பைச் சுத்தி கிளாம்பு போட்டுத்தான் மாட்டணும், அதுல ஓட்டையோ வெல்டோ வெச்சா வண்டி கவுந்தா அந்த எடத்துலதான் மடங்கும். தோப்புக்குள்ள கூரை ஓலையில மாட்டும், அதனால கழட்டற மாதிரி வைங்க. சும்மா ஆங்கிள்ல கட்டின கூரை ரோல் பார் ஆகாது. ரோல் பாரை நிமித்தி வெச்சிருக்கறப்ப சீட் பெல்ட்டு போடுங்க, மடக்கி வெச்சுட்டு ஓட்டறப்ப பெல்ட்டு வேண்டாம்.

யார் சொன்னாலும் செய்ய வேண்டாதது

முன்னாடி லோடர். யூடியூப் பாத்துட்டு நெறையப் பேர் கேக்கறாங்க. முன் அச்சும் ஹப் பேரிங்கும் அந்த எடைக்குச் செஞ்சதல்ல, பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில திருப்பவும் முடியாது. கம்பெனியே அந்த மாடலுக்கு லோடர் குடுத்தா வாங்குங்க, இல்லீன்னா விட்டுருங்க. லிஃப்ட் எச்சாத் தூக்கறக்கு ஆயில் அழுத்தத்தை அளவோட நிறுத்தற ரிலீஃப் வால்வைத் திருகறதும் அப்படித்தான், ஆயில் குழாய் வெடிக்கறதோ கேசிங் விரிசல் விடறதோ ஏதோ ஒண்ணு நடக்கும். ஆயில் கசியற குழாயை விரலால தடவிப் பாக்காதீங்க, ஊசி மொனை ஓட்டையில வர்ற ஆயில் தோலைத் துளைச்சு உள்ள போயிரும். ஒரு அட்டையைக் காட்டிப் பாருங்க. உள்ள போயிருச்சுன்னு சந்தேகம் வந்தாலே நேரா ஆஸ்பத்திரிதான்.

தென்னை வேர்க்கட்டை புடுங்க கயித்தை டாப் லிங்க் காதுலயோ அச்சுலயோ கட்டி இழுக்கறது இதுல எல்லாம் பெரிசு. கட்டை அசையாம நின்னா பின்டயர் நின்ன எடத்துல நிக்கும், வண்டி மூக்கைத் தூக்கிப் பின்னாடி சாயும், ரெண்டு செகண்டு கூட ஆகாது, கிளச்சை மிதிக்கறதுக்குள்ள முடிஞ்சுரும். இழுக்கறது எதுவா இருந்தாலும் கீழ ஊக்குலதான் கட்டணும்.

ஓட்டிப் பாக்கறது

புதுசா மாட்டினதும் எதையும் ஏத்தாம லிஃப்டை முழுசா மேல தூக்கி, முழுசா கீழ எறக்கிப் பாருங்க. மேல வர்றப்ப டயர்லயோ மட்கார்டுலயோ இடிக்குதா, கார்டன் சாஃப்ட்டு ரொம்ப மடங்குதா, அதோட உள் குழாய் வெளிக்குழாய்க்குள்ள மூணுல ஒரு பங்காவது எப்பவும் உள்ள இருக்குதான்னு பாக்கணும். அப்புறம் பாதி எடை ஏத்தி சமமான தடத்துல மெதுவா ஒரு சுத்து, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாருங்க, முன்சக்கரம் திரும்பியும் வண்டி நேராவே போனா எடை எச்சு. அப்புறந்தான் முழு எடை. எறங்கி வெல்டு ஓரமெல்லாம் ஒரு ஈரத்துணியால தொடைச்சுட்டுப் பாருங்க, கீறல் இருந்தா அப்பத்தான் கண்ணுக்குத் தெரியும்.

இதெல்லாம் சரியா இருந்தாத்தான் பெயிண்ட்டு. நெறையப் பேர் பட்டறையில இருந்து வர்றப்பவே பெயிண்ட் அடிச்சு வாங்கிட்டு வந்துருவாங்க, கீறல் எல்லாம் அதுக்குள்ள மறைஞ்சுரும். கசடைத் தட்டி, கிரைண்டர் போட்டு, ரெட் ஆக்சைடு ஒரு கை, அது காஞ்சதும் எனாமல் ரெண்டு கை. ரோட்டுல ஏறற சாமானா இருந்தா பின்பக்கம் ரெண்டு மூலையிலயும் செவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், தாராபுரம் ரோட்டுல ராத்திரி வர்ற லாரிக்காரனுக்கு நம்ம கேரியர் அப்பத்தான் தெரியும்.

மொத நாள் ஓட்டி முடிச்சதும் எல்லா போல்ட்டையும் ஒருக்கா மறுபடி முறுக்குங்க, புது போல்ட்டு கண்டிப்பா கொஞ்சம் எளகும். அப்புறம் கலப்பைக்கு கிரீஸ் வெக்கறப்ப எல்லாம் இதுக்கும் சேத்து ஒட்டுக்கா முறுக்கிக்கலாம். லாக் பின்னு காணாமப் போறதுதான் நம்ம காட்டுல தீராத பிரச்சினை, சின்னச் சங்கிலி போட்டு சட்டத்தோடயே கட்டி விட்டுருங்க.